மூன்றாமுறையும் எழுதலாமோ?

பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து, சர்வகலாசாலை அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்ட காலத்திலே, ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை நிறைவெய்திய பின்னர், யாம் எம்மூர்ச் சிவாலயத்தின் தெற்கு வீதியில் அமர்ந்திருந்தேம். இளமையில் எம்மிடந் தேவாரம் ஓதக் கற்ற மாணாக்கன் ஒருவன் அங்கு வந்து வணங்கி, நெடுநேரம் வாளாநின்று, பின்னர், “ஐயா, மூன்றாமுறையும் எழுதலாமோ?” என்று வினாவினான்.

அவன் க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியற் பிரிவில் இருமுறை தோற்றியவன். முதன்முறை ஊன்றிப் படித்திலன் என்பதை அவனே ஒப்புக்கொண்டான். இரண்டாமுறை இரவு பகலாகப் படித்தான். ஆயின் பரீட்சை தொடங்குதற்கு இரண்டு கிழமை முன்னர் டெங்குக் காய்ச்சல் கண்டு கிடந்தெழுந்து, தளர்ந்த கையோடு விடை எழுதினான். வைத்தியபீட வெட்டுப்புள்ளிக்குச் சிறிது கீழே நின்றுவிட்டான். கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திற்குத் தெரிவாகியுள்ளான். பதிவு செய்தற்கு எஞ்சியிருந்தது ஒரு கிழமையே. கைக்கு வந்த இவ்விடத்தை ஏற்பதா, அன்றி இதனை விடுத்து மூன்றாமுறையும் வைத்தியபீடத்தைக் குறித்து எழுதுவதா என்பதே அவன் கொண்டுவந்த வினா.

தந்தையார் வெங்காயச் செய்கை செய்பவர். “மண்ணோடு மாய்வது என்னோடு போகட்டும்” என்பது அவர் சொல். தாயார் தம் தோட்டை அடைவு வைத்துத் தனியார் கல்வி நிலையத்துக் கட்டணத்தைச் செலுத்தினவர். தங்கை அவ்வாண்டு உயர்தர வகுப்பிற் சேர்ந்திருக்கின்றாள். அம்மான் முயற்சியே வெல்லும் என்கின்றார். பாட்டனார் விதித்தது அவ்வளவே என்கின்றார். இருவருஞ் சைவ நூல்களையே சான்று காட்டுகின்றனர். “இருவர் சொல்லும் மெய்யாயின் யான் என் செய்வது?” என்றான்.

இவ்வினாவை எம் பத்திரிகை அன்பர்முன் வைத்தற்குக் காரணம், இஃது அவ்வொருவனுக்கே உரியதன்மையேயாம். ஆண்டுதோறும் பெறுபேறு வெளிவந்த நாள் முதலாக எத்தனையோ இல்லங்களிலே இவ்வழக்கு நிகழ்கின்றது. நிகழுமிடத்துப் பிள்ளையை ஒழித்து மற்றெல்லாரும் வாதிடுகின்றனர்.

முதற்கண் பரீட்சையின் இயல்பைச் சிறிது உணர்தல் வேண்டும். சர்வகலாசாலை அனுமதியின் பொருட்டு ஒருவன் இப்பரீட்சைக்கு மூன்றுமுறையே தோற்றலாம் என்பது விதி. ஆதலின் மூன்றாமுறை என்பது இறுதிமுறை. 2001 ஆம் ஆண்டு முதலாக மாணாக்கர் இசட் புள்ளி என்னும் அளவையால் வரிசைப்படுத்தப்படுகின்றனர். ஒரு பாடத்தில் அவ்வாண்டு எழுதினார் பெற்ற புள்ளிகளின் சராசரியினின்றும் ஒருவன் எத்துணை மேலே அல்லது கீழே நிற்கின்றான் என்பதனை, அப்புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவாற் பிரித்துக் கண்டு, மூன்று பாடங்களுக்கும் வந்ததைச் சராசரியாக்கிக் கொள்வதே அவ்வளவை. பெரும்பான்மையான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 வரையான இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 வரையானவை மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வரையானவை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன.

இவற்றை விரித்தது கணக்குக் காட்டுதற்கன்று. இவ்வளவையின்கண் ஒருவன் பெற்ற பேறு அவன் விடைத்தாளில் மாத்திரம் இல்லை. அவ்வாண்டு அவனோடு எழுதிய பிறர் விடைத்தாள்களிலும் இருக்கின்றது. சென்ற ஆண்டு எழுதிய அதே விடைகளை அடுத்த ஆண்டு எழுதினும் அதே புள்ளி வாராது. தன் உழைப்பு முழுதுந் தன்னுடையதாயிருப்பவும், உழைப்பின் பயன் தன் கையில் இல்லாமை இவ்வளவு வெளிப்படையாகக் காணப்படும் இடம் உலகியலிற் சிலவே. வினையைச் செய்பவன் உயிர், அவ்வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன் என்று சித்தாந்தங் கூறுவதைப் படித்தும் உணராதவர், மாவட்ட வரிசைப் பட்டியலை ஒருமுறை நோக்குவாராயிற் சிறிது உணரலாம்.

இனிப் பாட்டனார் கூற்றை ஆராய்வாம். முற்பிறப்புக்களில் ஈட்டப்பட்டுக் கிடப்பது சஞ்சிதம் என்றும், அதனின்றும் இவ்வுடலின்கண் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம் என்றும், அதனை நுகருங்கால் மேலும் ஈட்டப்படுவது ஆகாமியம் என்றும் நம் நூல்கள் வகுக்கும். பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது உண்மை. அஃது இன்னது என்று நுகருமுன் அறிந்தார் யாவர்? இரண்டாமுறை காய்ச்சல் வந்தது பிராரத்தமாயின், மூன்றாமுறை உடல்நலத்தோடு எழுதுவதும் பிராரத்தமாதல் கூடாதோ? ஊழ் என்பது நிகழ்ந்ததனை விளக்குஞ் சொல்லேயன்றி, நிகழப்போவதற்கு ஆலோசனை கூறுஞ் சொல்லன்று. நிகழ்ந்தபின் அதனை நினைந்தவனுக்கு அது மனவமைதியைத் தரும். நிகழுமுன் அதனைக் கூறுபவன் தன் மடியையோ அச்சத்தையோ இறைவன் பெயரால் மறைக்கின்றான். பிள்ளையின் சாதகத்தைக் கொண்டுபோய்ச் சோதிடரிடங் காட்டி, “மூன்றாமுறை பலிக்குமோ?” என்று கேட்கும் பெற்றோர்க்கும் இதுவே எம் விடை. அவருக்கும் அது விளங்குவதில்லை.

இங்ஙனமாயின் அம்மான் கூற்றே வென்றதோ எனின், அன்று. திருக்குறளிலே 38 ஆம் அதிகாரம் ஊழ். 62 ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. தோற்றவனிடம் முன்னதையும், தோற்கப்போகின்றவனிடம் பின்னதையும் எடுத்தோதுவது நம்மவர் வழக்கமாயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே 47 ஆம் அதிகாரந் தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல் என நான்கு உள்ளன. ஒருவன் மீளவும் முயல்வதா விடுவதா என்பதனைத் தீர்த்தற்கு உரியவை இந்நான்குமே. முயற்சி நல்லதென்பதை மறுப்பார் யாருமிலர். எதன்கண் முயல்வது, எவ்வளவு முயல்வது, எவர் பொருளைக்கொண்டு முயல்வது என்பனவே வினா. அவற்றை ஆராயாது முயல்க என்று மாத்திரங் கூறுவதும், விதி என்று மாத்திரங் கூறுவதும் ஆலோசனை கேட்டு வந்தவனை வாயிலில் நிறுத்தி அனுப்பிவிடுதலேயாம்.

இவ்விடத்திலே எம் குற்றம் ஒன்றையுங் கூறாதொழிதல் நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன்னர், யாம் உபாத்தியாயராக இருந்த காலத்தில், மற்றொரு மாணாக்கன் இதே வினாவோடு வந்தான். அவனுக்குங் கையில் ஓரிடம் இருந்தது, வேண்டியது பொறியியல். அவன் விருப்பம் யாதென்று யாம் கேட்டிலேம். “எழுது, தம்பி, சிவன் கைவிடான்” என்றேம். அவன் கிடைத்த இடத்தை விடுத்து எழுதினான். இரண்டாமுறை பெற்றதினுங் குறைவாகவே பெற்றான். விட்ட இடமும் மீளவில்லை. அவன் அதன்பின் ஆலயத்திற்கு வருதலை ஒழித்தான். எம்மைத் தெருவிற் கண்டால் மறுபக்கத்தே செல்வான். சிவன் கைவிடான் என்பது மெய்யே. ஆயின் அதனைப் பொறியியற் பீடத்து இடத்திற்குப் பிணைச்சொல்லாக எழுதிக்கொடுத்தவர் யாம். இறைவன் கொடாத வாக்கை அவன் பெயரால் யாம் கொடுத்தேம். அப்பிள்ளை பரீட்சையில் இழந்ததினும் பெரியதொன்றை எம் சொல்லால் இழந்தான். அவன் வென்றிருப்பானாயின் அந்த வாக்கியத்தை யாம் எத்தனை மேடைகளிற் பெருமையோடு எடுத்துரைத்திருப்பேம் என்பதை நினைக்க இன்றும் நாணுகின்றேம்.

ஆகவே இம்முறை யாம் விரைந்து விடைகூறாது, திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கயிலை நோக்கிச் சென்ற வரலாற்றை அவனோடு இருந்து சிந்தித்தேம். அவன் அறிந்த வரலாறே. சுவாமிகள் காளத்தியை வணங்கியபின் கயிலையைக் காண விழைந்து வடக்கே சென்றார். காசியிலே உடன்வந்த அடியார்களை நிறுத்தித் தனித்துப் போயினார். காலாற் சென்றார், பாதந் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், மணிக்கட்டுந் தேய்ந்தது. மார்பினால் உந்தினார், அதுவும் முரிந்தது. பின்னர்ப் புரண்டார். முனிவர் ஒருவர் எதிர்ப்பட்டு, கயிலை மானிடர் சென்றடைதற்கு எளிதன்று, மீளுக என்றார். மீளேன் என்றார் சுவாமிகள். இம்மட்டுங் கூறி நிறுத்துவது நம் பிரசங்கிகள் வழக்கம். மூன்றாமுறை எழுத வேண்டுமென்பார்க்கு இதனினுஞ் சிறந்த சான்று கிடையாது.

வரலாறு அங்கே முடியவில்லை. முனிவராய் வந்தவர் இறைவரே. சுவாமிகளின் உடம்பு முன்போல் ஆயிற்று. இனிக் கயிலைக்கு ஏறுக என்றன்று, அங்கிருந்த தடாகத்தின் மூழ்கித் திருவையாற்றிலே அக்காட்சியைக் காண்க என்றே ஆணை பிறந்தது. மீளேன் என்ற அவரே மூழ்கினார். ஐயாற்றுத் திருக்குளத்தின்கண் எழுந்தார். எதிர்ப்பட்ட உயிர்களெல்லாஞ் சத்தியுஞ் சிவமுமாய்த் தோன்றக் கயிலைக் காட்சியை அங்கே கண்டார். ஆடி அமாவாசையில் இன்றும் திருவையாற்றில் அவ்விழாக் கொண்டாடப்படுகின்றது.

சுவாமிகள் விழைந்தது எது? மலையோ? மலைமேல் இருந்த காட்சியோ? மலையே எனின் ஐயாறு அவருக்குத் தோல்வியாம்; தாம் புறப்பட்ட தென்னாட்டிற்கே மீண்டுவிட்டார் என்று ஊரார் நகைத்துமிருப்பர். காட்சியே எனின் ஐயாறே கயிலை. ஒன்றை மெய்யாக விரும்பினவனுக்கு இடம் மாறினும் விரும்பியது மாறாது. இடத்தையே விரும்பினவனுக்கு அவ்விடங் கிடைப்பினும் விரும்புதற்கு ஒன்றும் இராது.

இவ்விடத்தே அம்மாணாக்கன் ஒரு நல்ல தடையை எழுப்பினான். “சுவாமிகளுக்கு அசரீரி சொல்லிற்று, ஐயா, எனக்குச் சொல்வார் யார்?” என்றான். இதற்கு எம்மிடந் தெளிந்த விடை இல்லை. உண்டென்று நடிக்கவும் யாம் விரும்பவில்லை. ஆயினும் அசரீரி கேளாதார் தம்மைச் சூழ்ந்த மெய்ந்நிலைகளையே செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். அவை பொய்யுரையா.

முன்பு எதனால் இடந்தவறியது என்பது முதலாவதாக நோக்கத்தக்கது. வந்த காரணம் நீங்கத்தக்கதாயின் மீளவும் எழுதுதல் நியாயமே. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, புத்தகங்களையும் பாடக் குறிப்புக்களையும் விட்டு ஓடிய மாணாக்கர் பலர். அவருட் பின்னர் மீளவும் எழுதியவரை யாரும் பேராசைக்காரர் எனல் தகாது. அவருக்கு இரண்டாமுறையே உண்மையில் முதன்முறை. 2021 ஆம் ஆண்டிற்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022 ஆம் ஆண்டிற்குரியது 2023 சனவரியிலும் நிகழ்ந்தமையால் நிலைகுலைந்தவரும் உளர். எம்மிடம் வந்தவனுடைய டெங்குக் காய்ச்சலும் இவ்வகையினதே. இவ்வாற்றான் நோக்குமிடத்து அவன் மூன்றாமுறை எழுதுதல் குற்றமன்று. யாம் அதனை அவனுக்கு வெளிப்படக் கூறினேம். காரணம் ஒன்றும் நீங்காதிருப்பவும், இம்முறை எப்படியோ நேர்ந்துவிடும் என்று எழுதுபவன் நிலை வேறு. அது முயற்சியன்று, சீட்டிழுப்பு.

இனி, செலவு யாருடையது? இவ்வினாவை நம் இல்லங்களிற் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகின்றது. பிள்ளையின் படிப்பிற்குக் கணக்குப் பார்ப்பதா என்பர். தாயின் தோடு அடைவிலே இருக்கின்றது. அண்ணனுக்கு மூன்றாம் ஆண்டும் கட்டணஞ் செலுத்தும் இல்லம், உயர்தர வகுப்பிற் காலெடுத்துவைத்த தங்கைக்கு எதைச் செலுத்தும்? பெண்பிள்ளை என்றபடியால் அவள் பொறுத்துக்கொள்வாள் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லார், நடப்பது அதுவே. அவ்வில்லத்தில் அவளை ஒருவருங் கேட்டிலர் என்பதை யாம் அவனிடம் வினாவி அறிந்தேம். தன் விடாமுயற்சி என்று ஒருவன் பெருமைகொள்வது மற்றொருத்தியின் வாய்திறவாமையின்மேல் நிற்குமாயின் அதன் ஆகாமியம் யாரைச் சாரும் என்பதனைச் சித்தாந்தங் கற்றார் அறிவர்.

இவையெல்லாவற்றினும் ஆழ்ந்து கிடப்பது நாணம். யாழ்ப்பாணத்தார்க்குப் பரீட்சை வெறும் பரீட்சையன்று. 1857 இலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் நம் நாட்டினரே என்ற பெருமை நமக்குண்டு. 1970 களின் முற்பகுதியிலே தரப்படுத்தல் என்னும் முறை வந்து, தமிழ்மொழியில் எழுதிய மாணாக்கர் வைத்தியம், பொறியியல் முதலியவற்றிற்கு மற்றையோரினும் மிகுந்த புள்ளி பெறவேண்டியதாயிற்று. அந்த அநீதியின் தழும்பு இன்றும் ஆறவில்லை. ஒவ்வோர் இடமும் இனத்தின் மானமாயிற்று. பெரியோர் பட்ட காயத்திற்கு மருந்தாகப் பதினெட்டு வயதுப் பிள்ளையை அனுப்புகின்றோம் என்பதை நாம் உணர்கின்றிலம். அதன்மேற் சீதனச் சந்தை ஒன்று உண்டு. அங்கே வைத்தியன் என்னுஞ் சொல்லுக்கு வீடும் வளவுமாக ஒரு விலை, பிறிதொரு பட்டத்திற்கு வேறு விலை. பிள்ளை மூன்றாமுறை எழுதவேண்டுமென்று உருகுவாருட் சிலர் உருகுவது நோயாளரை நினைந்தன்று.

நேர்த்திகளைப் பற்றி ஒரு சொல். வைத்தியபீடங் கிடைத்தால் இன்னது செய்வேன் என்று சந்நிதியில் நின்று பேசுவது பத்தியென்று எண்ணப்படுகின்றது. வரிசையில் ஒரு பிள்ளை முன்னே வர ஒரு பிள்ளை பின்னே தள்ளப்படும். அப்பிள்ளையின் தாயும் அதே சந்நிதியில் அதே நெய்விளக்கை ஏற்றி நிற்கின்றாள். இறைவன் எவர் விளக்கைப் பார்ப்பான் என்று எண்ணுகின்றார்களோ அறியேம். கேட்கத்தக்கது தெளிவும் உடல்நலமுமேயாம். அவை ஒருவர்க்குக் கிடைத்தலாற் பிறர்க்குக் குறைவதில்லை.

நாணத்தின் பொருட்டு மற்றொன்றும் அவனுக்குச் சொன்னேம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். அவர்கள் எந்தச் சர்வகலாசாலையிலும் பட்டம் பெற்றவர்களல்லர். 1849 இலே திருவாவடுதுறை ஆதீனம் அளித்த நாவலர் என்னும் பெயரே அவர்களுக்குரிய பட்டம். இதனைக் கேட்டுப் படிப்பை விடலாம் என்று கொள்ளற்க. நாவலரவர்கள் படித்த அளவு படிப்பவன் எந்தப் பீடத்திலிருந்தும் படிக்கலாம்.

பின்னர் யாம், “தம்பி, வைத்தியனாய் என்ன செய்ய விரும்புகின்றாய்?” என்று கேட்டேம். அவன் நெடுநேரம் மணலை நோக்கியிருந்து, “தெரியவில்லை, ஐயா. இதுவரை ஒருவருங் கேட்கவில்லை” என்றான். முன்னவனிடம் யாம் கேளாதொழிந்ததும் இதுவேயன்றோ என்று எம் நெஞ்சு சுட்டது. விடை இல்லாமையால் வைத்தியம் அவனுக்கு ஆகாதென்பது எம் கருத்தன்று. விரும்பியதை அறியாதவன் அறிந்துகொள்ள ஒரு கிழமையேனும் வேண்டும். அந்த ஒரு கிழமையே அவனுக்கு இருந்தது. கிளிநொச்சிக்குச் சென்று அந்தப் பீடத்தைக் கண்ணாற் கண்டு வா, தங்கையோடும் பேசு, எழுதினால் எந்தக் காரணத்தால் எழுதுகின்றாய் என்பதை ஒரு தாளிற் குறித்துக்கொள் என்று மாத்திரஞ் சொல்லி அனுப்பினேம். எழுது என்றேனும் எழுதாதே என்றேனும் யாம் கூறவில்லை. அவன் எழுதப்போகின்றேன் என்று வந்திருப்பினும் யாம் தடுத்திரேம்.

பதிவு முடியும் நாளின் மாலையிலே வந்தான். சாயரட்சைப் பூசைக்கு மணியடித்துக்கொண்டிருந்தது. கிளிநொச்சிக்குப் போய் வந்ததாகவும், அங்கே ஒருவருந் தன்னை இடந்தவறி வந்தவனாக நோக்கவில்லை என்றும், வயல்களினூடே நடந்தபோது தந்தையார் பல ஆண்டுகளாக வெங்காயப் பயிரிற் கண்டு கவலைப்படும் இலைச்சுருட்டு நோயைப்பற்றி ஒருவரிடங் கேட்டதாகவும், அவர் அரைமணி நேரம் நின்று விளக்கியதாகவுஞ் சொன்னான். தாளில் என்ன எழுதினாய் என்றேம். “ஊரார் என்ன சொல்வார் என்பதைத் தவிர வேறு காரணம் எழுத வரவில்லை” என்றான். தங்கை யாது சொன்னாள் என்றதற்கு, அவள் அழுதாள் என்றான், மேலே சொல்லவில்லை.

“பதிவு செய்துவிட்டேன், ஐயா. அப்பாவுக்கு இன்னுஞ் சொல்லவில்லை.”

பூசை முடியும்வரை இருவரும் நின்றேம். திருநீறு பெற்றுக்கொண்டு, அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னே செல்ல, யாம் அவனோடு அவன் இல்லத்திற்கு நடந்தேம்.

திருச்சிற்றம்பலம்.